காதிரைச்சல்: சில சரித்திரக் குறிப்புகள்

செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா 1876 டிசம்பர் கடைசியில் எழுதி முடித்த குவார்டெட் ஒன்று உண்டு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. 'என் வாழ்க்கையிலிருந்து' என்று பெயர். நான்கு பகுதிகள். நான்காவது பகுதி நாட்டியத் துள்ளலோடு போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று எல்லாம் நிற்கிறது. மூன்று வாத்தியங்கள் கீழே நடுங்கும் வில்லோடு முணுமுணுக்க, முதல் வயலின் மட்டும் மிக உயரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேல்நாட்டுக் கணக்கில் அது 'இ'. இன்றைய சுருதிப்படி விநாடிக்குச் சுமார் 2640 அதிர்வுகள். 1874-ல் தான் செவிடாவதற்கு முன்னறிவிப்பாகத் தன் காதில் எழுந்த கூவல்தான் இது என்று 1878-ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஸ்மெதனா விளக்குகிறார்.

பல வருஷங்களுக்கு முன் இதை முதலில் ஒலிநாடாவில் கேட்டபோது, கொஞ்சம் மலிவான உத்தி என்று எனக்குப் பட்டது. காதில் கூவுகிறது என்றால் வயலினையும் கூவவைப்பதா? தேர்ந்த கலைஞன் இதைவிட மறைமுகமாகச் சொல்லியிருப்பானே என்று நினைத்தேன். இப்போது அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் காதிலும் ஒரு கூவல் குடியேறிவிட்டது என்பது ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அது அல்ல.

நான் வித்வான் அல்ல. ஆபீஸ் முடிந்து வந்து, தம்புராப் பெட்டியைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் வயலின் வாசிக்கிறவன். அதுவும் சில வர்ணங்களும் பத்துப் பன்னிரண்டு கீர்த்தனைகளும். நான் வாசிப்பதை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. இரைச்சல் வந்த முதல் வருஷம் நிறுத்தியும் விட்டேன். ஓயாமல் ஒரு ஓசை காதில் நிற்கும்போது இன்னொரு ஸ்வரத்தைத் தேடிப் போவது அபத்தமாகத் தோன்றியது. அந்த வருஷத்தில்தான், சாயங்காலங்களில் வேறு வேலை இல்லாமல், இந்த வியாதியோடு சங்கீதத்தில் இருந்தவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. காதில் இரைச்சல் கேட்கிறவன் அதை வெறும் இரைச்சலாக விட்டுவைப்பதில்லை. யாரோ தனக்கென்று அனுப்பிய செய்தியாக அதைப் படிக்கிறான். என்ன செய்தி என்பது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுகிறது.

*

ரூஸோவுக்கு அது மரணச் செய்தி. 1730-களின் பிற்பகுதி. ஷாம்பெரி ஊரில் மதாம் தெ வாரென்ஸின் ஆதரவில் இருக்கிறார். ஒருநாள் சின்ன மேஜை ஒன்றை அதன் காலில் நிறுத்திக்கொண்டிருந்தபோது உடம்புக்குள் புயல் புகுந்ததுபோல் நாடிகள் அடித்துக்கொள்கின்றன. காதுக்குள் பேரோசை எழுகிறது. சுயசரிதையின் ஆறாம் புத்தகத்தில் அந்த ஓசையைச் சங்கீதக்காரனுக்கே உரிய கவனத்தோடு அவர் பிரித்துச் சொல்கிறார். கனத்த ரீங்காரம், ஓடும் தண்ணீரின் சலசலப்பு, கூரிய சீழ்க்கை, இவற்றோடு நாடித்துடிப்பு என்று நான்கு அடுக்குகள். சாவு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். வரவில்லை. அதற்குப்பின் சுமார் நாற்பது வருஷம் உயிரோடிருந்து 1778-ல் இறந்தார். சுயசரிதை எழுதிய காலத்தில், முப்பது வருஷமாக அந்த ஓசை தன்னை விட்டு நீங்கவில்லை, காதும் சற்று மந்தமாகிவிட்டது என்று குறிப்பிடுகிறார்.

சாவு நிச்சயம் என்று நினைத்த பிறகே வாழத் தொடங்கியதாகவும் அவர் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அலங்காரத்தைவிட அவருடைய கணக்குவழக்கு முக்கியமாகப் படுகிறது. நாற்பது வருஷ இரைச்சலுக்கிடையில் ரூஸோ என்ன செய்தார்? 1742-ல் ஸ்வரங்களை எண்களால் குறிக்கும் ஒரு முறையை பாரிஸ் விஞ்ஞான அகாடமியில் படித்தார். 1752-ல் அவருடைய ஓப்பரா பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் அரங்கேறியது. 1768-ல் ஒரு சங்கீத அகராதியைக் கொண்டுவந்தார். இவை எல்லாவற்றுக்கும் அடியில், பிழைப்புக்காக, பிறர் எழுதிய சங்கீதத்தைப் பக்கத்துக்குப் பத்து ஸூ வாங்கிக்கொண்டு நகல் எடுத்தார். தொழிலின் மேல் அவருக்கு இருந்த மரியாதைக்கு அகராதியில் நகலெடுப்பவனைப் பற்றி அவர் எழுதிய நீண்ட பதிவே சாட்சி. முதுமையில் பாரிஸுக்குத் திரும்பிய பிறகு ஆறே வருஷத்தில் ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல் நகலெடுத்ததாக அவரே கணக்குச் சொல்கிறார்.

காதுக்குள் சீழ்க்கை, கைக்குக் கீழே இன்னொருவனின் சங்கீதம், ஒரு ஸ்வரமும் இடம் மாறக்கூடாது. ஐரோப்பிய சிந்தனையைப் புரட்டிப்போட்ட மனிதர் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, இந்த நகல்காரரை மட்டும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

பீத்தோவனுக்கு அது அவமானம். 1801 ஜூன் 29-ம் தேதி, பால்ய நண்பரும் டாக்டருமான வெகெலருக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அப்போது வயது முப்பது. காதுகள் இரவும் பகலும் இரைகின்றன. இரண்டு வருஷமாக ஜனங்களோடு கலப்பதையே தவிர்த்து வருகிறேன், நான் செவிடன் என்று எப்படிச் சொல்வது. நாடக அரங்கில் வாத்தியக்காரர்களை ஒட்டி உட்கார்ந்தால்தான் நடிகன் பேசுவது புரிகிறது. யாராவது மெதுவாகப் பேசினால் ஓசை கேட்கிறது, சொல் கேட்பதில்லை, கத்தினாலோ தாங்க முடிவதில்லை. கடிதத்தின் சாரம் இது. டாக்டர்கள் காதுக்கு வாதுமை எண்ணெய் கொடுத்தார்கள். தான்யூப் நதித் தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். 1809-ல் பிரெஞ்சுப் படை வியன்னாவைப் பீரங்கியால் தாக்கியபோது, மிச்சமிருக்கும் காதும் போய்விடுமோ என்று தம்பி வீட்டு நிலவறையில் தலையணைகளால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவருடைய மாணவர் ரீஸ் சொல்லியிருக்கிறார். 2023-ல் அவருடைய தலைமுடியிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பரிசோதித்தார்கள். கல்லீரல் நோய்க்குத் தடயம் கிடைத்தது. காது போனதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

பீத்தோவனின் செவிட்டைப் பற்றி நமக்கு ஒரு காவியச் சித்திரம் உண்டு. வெளியுலகின் ஓசை அறுந்துபோன மேதை, பூரண நிசப்தத்தில் அமர்ந்து, உள்ளிருந்து எழும் சங்கீதத்தை மட்டும் கேட்கிறான். ரோமாண்டிக் யுகம் நமக்கு விட்டுப்போன படம் இது. இதில் இல்லாமல் போனது அந்த 'இரவும் பகலும்'. செவிடு என்றால் நிசப்தம் என்று காது நன்றாக இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிசப்தம் அவருக்குக் கிடைத்ததா என்பதே சந்தேகம். துன்பம் கலைஞனுக்குக் கலையைக் கொடுக்கிறது என்று நம்ப விரும்புகிறவர்களுக்கு நிசப்தம் சௌகரியமானது. அதற்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. கொசு பாடுவதுபோல் ஓயாமல் ஒரு ஓசை என்றால் கம்பீரம் போய்விடுகிறது. ஆகவே சித்திரத்திலிருந்து இரைச்சலை எடுத்துவிட்டார்கள்.

*

நம் பக்கத்துச் சரித்திரம் வேறு மாதிரி. சுச்ருதரின் வைத்திய நூல் காது வியாதிகளின் பட்டியலில் கர்ணநாதத்தைச் சேர்க்கிறது. பின்னால் வந்த மாதவநிதானம், வாதம் காதின் துவாரத்தில் தங்கும்போது பேரி, மிருதங்கம், சங்கு போன்ற ஓசைகள் கேட்கும் என்று அதற்கு லட்சணம் சொல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோக பிரதீபிகையை எடுத்துப் பார்த்தால், நாதத்தில் மனதை நிறுத்துகிற யோகிக்கு முதலில் கடலும் மேகமும் பேரியும், அப்புறம் மத்தளமும் சங்கும் மணியும், கடைசியில் கிண்கிணி, குழல், வீணை, வண்டு என்று ஓசைகள் கேட்கும் என்கிறது. திருமந்திரத்திலும் உள்ளே கேட்கும் பத்து ஓசைகளின் வரிசை உண்டு. வைத்தியனின் பட்டியலிலும் யோகியின் பட்டியலிலும் அதே பேரி, அதே சங்கு. ஒருவனுக்கு வியாதியின் அறிகுறி, மற்றவனுக்கு சித்தியின் அறிகுறி.

யோகத்தில் ஈடுபாடு உள்ள நண்பர் ஒருவரிடம் என் காதைப் பற்றிச் சொன்னபோது, "உங்களுக்கு அநாஹதம் கேட்க ஆரம்பித்துவிட்டது சார், கொடுத்துவைத்தவர்" என்றார். கேலியில்லை; மனப்பூர்வமாகவே சொன்னார். சில நாட்கள் அவர் சொன்னபடி இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டும் பார்த்தேன். அதில் வீணையும் இல்லை, வண்டும் இல்லை. பழைய டியூப்லைட்டின் சோக்கு போடுகிற சத்தம். கேட்கக் கேட்க அது பெரிதானதுதான் மிச்சம்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு கொடுத்தவர் சார்ங்கதேவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் இருந்து சங்கீத ரத்னாகரம் எழுதியவர். நாதத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். தட்டி எழுப்புவது ஆஹதம். தட்டாமல் எழுவது அநாஹதம். அநாஹதத்தை முனிவர்கள் உபாசிக்கிறார்கள், அது முக்தியைத் தருகிறது என்பதை அவர் மறுப்பதில்லை. ஆனால் அதில் ரக்தி இல்லை, ஆகவே அது ஜனங்களின் மனதை ரஞ்சிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, நூல் முழுவதையும் ஆஹதத்துக்கே ஒதுக்குகிறார். ஒரு சங்கீத சாஸ்திரக்காரனின் நிதானம் இது. தானாகக் கேட்கும் ஓசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது சங்கீதம் அல்ல. சங்கீதத்துக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை எதையாவது தொட வேண்டும்.

*

இன்று செவியியல் என்ன சொல்கிறது? உள்காதின் நத்தைக்கூட்டில் சுமார் பதினைந்தாயிரம் ரோம அணுக்கள் இருக்கின்றன. வயதாலும் சத்தத்தாலும் சில மருந்துகளாலும் அவை சாகின்றன. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அணுக்கள் செத்துப்போன ஸ்தாயிலிருந்து மூளைக்கு வரவேண்டிய சமிக்ஞை குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் பக்கத்து ஒலிபெருக்கியைத் திருகி ஏற்றுகிறது. அப்போது சர்க்யூட்டின் சொந்த இரைச்சலே கேட்கத் தொடங்குகிறது. எல்லாக் காதிரைச்சலுக்கும் இது ஒன்றே விளக்கம் அல்ல. ஆனால் பலருடைய விஷயத்தில் இதுதான் நடக்கிறது என்று கருதுகிறார்கள். அதை அடியோடு நீக்கும் மருந்து கிடையாது.

1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். காது நன்றாக இருக்கும் எண்பது பேரை ஒவ்வொருவராகச் சத்தம் புகாத அறையில் சில நிமிஷங்கள் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஏதோ ஒரு ஓசை கேட்பதாகச் சொன்னார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1951-ல், ஜான் கேஜ் ஹார்வர்டில் அப்படி ஓர் அறைக்குள் போய் இரண்டு ஓசைகளைக் கேட்டார். உயர்ந்தது உன் நரம்பு மண்டலம், தாழ்ந்தது உன் ரத்த ஓட்டம் என்று அங்கிருந்த எஞ்சினியர் சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் '4 நிமிஷம் 33 விநாடி' வந்தது. நிசப்தம் என்று ஒன்று இல்லவே இல்லை என்ற அவருடைய சித்தாந்தம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. நரம்பு மண்டலம் காதுக்குக் கேட்பதில்லை. கேஜுக்குக் கேட்ட அந்த உயர்ந்த ஓசை லேசான காதிரைச்சலாகவே இருந்திருக்கக் கூடும். இதனால் அவருடைய சித்தாந்தம் பொய்த்துவிடவில்லை. ஆனால் அவரும் கேட்டதைச் செய்தியாகத்தான் படித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

இப்போது ஸ்மெதனாவுக்குத் திரும்பலாம். 1874 கோடையில் காது கோளாறு தொடங்குகிறது. அக்டோபரில் இரண்டு காதும் முழுக்கப் போய்விடுகின்றன. வயது ஐம்பது. பிராக் நகர நாடக சாலையில் சங்கீத நடத்துநர் பதவியை விட வேண்டிவந்தது. அடுத்த வருஷம் நண்பர்களும் மாணவிகளும் திரட்டிக்கொடுத்த பணத்தில் ஜெர்மனிக்கும் வியன்னாவுக்கும் போய் வைத்தியம் பார்த்தார், பயன் இல்லை. காரணம் மேகநோய் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. 1876-ல் பிராகை விட்டு யாப்கெனிட்ஸெ கிராமத்தில், வனத்துறையில் வேலைபார்த்த மருமகன் வீட்டுக்குக் குடிபோனார். எழுத உட்கார்ந்தால் பேரருவிக்குக் கீழே நிற்பதுபோல் தலைக்குள் இரைச்சல் எழும். தொடர்ந்து அதிக நேரம் வேலைசெய்ய முடியாது.

இந்த நிலையில் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். காது போன ஒரே மாதத்தில், 1874 நவம்பர் 20 முதல் டிசம்பர் 8 வரை பத்தொன்பது நாட்களில், வ்ல்தவா நதியைப் பற்றிய படைப்பை எழுதினார். உலகம் அவரை இன்றைக்கும் அறிந்திருப்பது அதனால்தான். அதில் கூவல் இல்லை; தண்ணீர் ஓடுகிறது, கரையில் ஒரு கல்யாணம் நடக்கிறது. பிறகு மூன்று ஓப்பராக்களை எழுதி முடித்தார், அவையும் மேடையேறின. பத்து வருஷச் செவிட்டில், காதிரைச்சலுக்கென்று அவர் வெளிப்படையாக ஒதுக்கிய இடம் ஒரு குவார்டெட்டின் கடைசிப் பகுதியில் சில விநாடிகள்தான்.

அந்தச் சில விநாடிகளிலும் அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதவில்லை என்பதுதான் என் அபிப்பிராயத்தை மாற்றிய விஷயம். அதே நண்பருக்கு எழுதியதில், காது போவதற்குமுன் சாயங்காலங்களில், ஆறுக்கும் ஏழுக்கும் இடையில், தன்னை வதைத்தது ஏ-ஃப்ளாட் மேஜர் கூட்டுஸ்வரம், மிக உயர்ந்த ஸ்தாயியில், என்று சொல்கிறார். அதாவது ஏ-ஃப்ளாட், சி, இ-ஃப்ளாட் மூன்றும் சேர்ந்தது. குவார்டெட்டில் ஒலிக்கும் 'இ' இந்த மூன்றில் ஒன்றுகூட அல்ல. காதில் கேட்டது மூன்று ஸ்வரம்; எழுதியது ஒன்று, அதுவும் வேறொன்று. ஏன்? குவார்டெட்டின் ஆதார ஸ்வரம் 'இ'. நம் பாஷையில் சொன்னால், அவர் வியாதியைத் தன் படைப்பின் ஷட்ஜத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டார். அந்த இடம் பயங்கரமாக இருப்பதற்குக் காரணம் அபஸ்வரம் அல்ல. வீடு என்று நம்பிய ஆதார ஸ்வரமே, எட்டாத உயரத்தில், உயிரற்று வந்து நிற்கிறது. காதில் கேட்டதை அப்படியே வயலினில் ஏற்றியிருந்தால் அது ஆவணம். இது தேர்வு. மலிவான உத்தி என்று நான் நினைத்தது தவறு.

இன்னொன்று. கூவலோடு குவார்டெட் முடிவதில்லை. அது ஓய்ந்ததும் முதல் பகுதியின் ராகச் சாயல்கள், இளமையில் கேட்ட குரல்கள்போல், ஒவ்வொன்றாக வந்து போகின்றன. மெல்ல அடங்கி முடிகிறது. பிராகில் ஒரு சங்க்த்தார் இதை வாசிக்க முடியாதென்று முதலில் மறுத்துவிட்டார்கள். 1878-ல் ஒரு தனி வீட்டில் நண்பர்கள் கூடி வாசித்தபோது வயோலாவைப் பிடித்தவர் துவோர்ஷாக். ஸ்மெதனா 1884-ல் பிராகில் மனநோய் விடுதியில் இறந்தார். அந்த முடிவை வைத்துக்கொண்டு இந்த ஸ்வரத்துக்கு விதியின் குரல் என்று பெயர் வைப்பது எளிது. அவரே அந்தத் தொனியில் எழுதியுமிருக்கிறார். ஆனால் விதிக்குச் சுருதி தெரியாது. சுருதி சேர்த்தது யாப்கெனிட்ஸெயில் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதன்.

*

என் கூவலுக்கு நான் சுருதி சேர்க்க முடியாது. சேர்த்துப் பார்த்தேன். தம்புராவை ஒரு கட்டைக்கு வைத்து, வயலினில் மேலே மேலே போய்த் தேடினால், காகலி நிஷாதத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் நடுவில் எங்கோ அது இருக்கிறது. ஷட்ஜத்தை எட்டாத ஷட்ஜம். முதல் வருஷம் என்னை வாசிக்கவிடாமல் செய்தது இதுதான் என்று இப்போது தெரிகிறது. இரைச்சல் என்பதற்காக அல்ல, அது அபஸ்வரம் என்பதற்காக அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அது ஸ்வரமே அல்ல, ஆகவே அபஸ்வரமும் அல்ல என்று ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். பழைய வேகம் இல்லை. வில்லை அழுத்துவதில்லை, இடது காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்கிறேன், வயலினின் உடல் அந்தக் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. தார ஸ்தாயியில் சஞ்சாரம் பண்ணும்போது சுருதி சுத்தமாக இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லாத இடங்கள் உண்டு; அங்கே விரலை நம்புகிறேன். பஞ்சமத்திலும் கீழ் ஷட்ஜத்திலும் நிற்கும்போது, தம்புராவுக்கு அடியில், கூவல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடித்துவிட்டுத் தம்புராவை அணைத்ததும் சில நாட்களில் ஒரு விஷயம் நடக்கிறது. இரைச்சல் உடனே திரும்புவதில்லை. பத்து விநாடி, அதிகம் போனால் அரை நிமிஷம். வெளிச்சத்தம் நின்ற பின்னும் காதிரைச்சல் சற்றுநேரம் அடங்கியிருப்பது செவியியலில் பதிவான விஷயம்தான். எனக்கு மட்டும் கிடைத்த அருள் அல்ல. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுவது கேட்கிறது. பிறகு அது வந்துவிடுகிறது. வயலினைத் துடைத்து உறையில் போடுகிறேன்.